மாண்டிசோரி அம்மையாரும் மூவகைப் பொருளும்

குழந்தைக் கல்வியைப்பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயர் எழுதல் இயல்பு. இத்தாலி நாட்டில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லமும், மரத்தாற் செய்த அவருடைய பயிற்சிக் கருவிகளும் உலகறிந்தவை. ஆயின் அவ்வம்மையார் தம் முதுமைக் காலத்தில் ஏறத்தாழ ஏழாண்டு நம் நாட்டிலேயே தங்கியிருந்தாரென்பதும், அவ்வாண்டுகளுட் பெரும்பகுதியை அடையாற்றிலும் கோடைக்கானல் மலையிலும் கழித்தாரென்பதும், போர்க்காலத்தில் பகைநாட்டவர் என அரசினரால் எண்ணப்பட்ட நிலையிலேயே இங்கு வாழ்ந்தாரென்பதும் நம் மாணவருட் பலர் அறியாதவை. திடம், திரவம், வாயு என்னும் மூவகைப் பொருளின் இயல்பைச் சிறு குழந்தைகட்கு உணர்த்துவது எங்ஙனம் என்ற வினாவுக்கு அவரும் அவருடைய மைந்தரும் கண்ட விடை அந்த மலையிலேதான் உருப்பெற்றது. நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியத் தொழிலை மேற்கொள்வோர் ஆண்டுதோறும் பலராதலின், அவ்வரலாற்றை ஈண்டு எடுத்துக் கூறுதல் பயனுடையதாகும்.

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள் இத்தாலியில் அங்கோனா மாகாணத்தைச் சேர்ந்த கியாரவாலே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ, அரசாங்க அலுவலர். பழைய ஒழுங்குகளைக் கைவிடாதவர். தாயார் ரெனில்டே, நூல்களை விரும்பிப் படிப்பவர். மகள் படித்து மேலெழ வேண்டுமென்பதில் உறுதியுடையவர். குடும்பம் உரோமை நகர்க்குக் குடிபெயர்ந்தபின், பெண்மக்கள் பெரும்பாலும் ஆசிரியப் பணிக்கே படித்துவந்த அக்காலத்தில், பதின்மூன்று வயதுப் பெண்ணாகிய மரியா ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்தார். கணிதத்தில் அவர்க்கு அளவிறந்த ஆர்வம். பொறியியல் வல்லுநராக வேண்டுமென்று முதலில் எண்ணியவர், பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றி மருத்துவம் பயில விழைந்தார். தந்தையார்க்கு இது சிறிதும் உடன்பாடன்று. பல்கலைக்கழகத்தாரும் உடனே இடந்தரவில்லை. இயற்கை விஞ்ஞானத்தில் ஈராண்டு பயின்று தேறிய பின்னரே, 1893ஆம் ஆண்டில் மருத்துவ வகுப்பில் அனுமதி கிடைத்தது.

அங்கு அவர் பட்ட இடர்கள் சிறியன அல்ல. உடற்கூறு அறியும் பொருட்டுப் பிணத்தை அறுத்து ஆராயும் கூடத்தில் ஆண்களோடு ஒரு பெண் நிற்றல் தகாதெனக் கருதப்பட்டமையால், மற்ற மாணவர் யாவரும் வீடு திரும்பிய பிறகு மாலை வேளையில் அக்கூடத்தில் அவர் தனியே நின்று பயிலவேண்டியதாயிற்று. அந்தத் தனிமையும் அச்சமும் எத்தகையன என்பதை மருத்துவம் பயிலும் நம் மாணவியர் ஒருவாறு உணர்வர். 1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற்சில பெண்டிருள் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின் உரோமைப் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் உதவியாளராகப் பணியாற்றினார். அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பித்தரோடு ஒருங்கே அடைத்துவைத்திருந்த விடுதிகளைப் பார்வையிட்டு வருவது அவர் பணிகளுள் ஒன்று. இக்குழந்தைகட்குக் குறையாயிருப்பது மருந்தன்று, கைக்கும் கண்ணுக்கும் வேலையே என்னும் எண்ணம் அவர்க்கு அங்கே தோன்றியது. தமக்கு முன்னரே பிரெஞ்சு நாட்டில் இத்தகைய குழந்தைகளுக்காக உழைத்த இத்தார், செகேன் என்னும் மருத்துவர் இருவரின் நூல்களைத் தேடிப் படித்தார். அவற்றைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிக்கொண்டார் என்பர். எழுத எழுதப் பொருள் விளங்கும் என்பது அவர் கொள்கை. 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பயிற்சிப் பள்ளியொன்றை மாண்டெசானோ என்னும் மருத்துவரோடு சேர்ந்து நடத்தினார். அறிவு குன்றியோர் எனத் தள்ளப்பட்ட குழந்தைகளுட் சிலர் பொதுப்பள்ளிப் பிள்ளைகட்குரிய தேர்வில் தேறினர். ஊரார் அதனை வியந்து பாராட்டினர். அம்மையாரோ, குறைபாடுடைய குழந்தைகள் இவ்வளவு செய்ய இயலுமாயின், குறைபாடற்ற குழந்தைகள் அவ்வளவோடே நின்றுவிடுவதற்குப் பள்ளிகள் செய்யும் பிழை யாது என்று எண்ணலானார்.

இவ்விடத்தே ஒன்றை மறையாது கூறவேண்டும். அந்த மாண்டெசானோவுக்கும் அம்மையாருக்கும் 1898ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. இருவரும் மணந்துகொள்ளவில்லை. அக்காலத்துச் சமுதாயத்தில் இச்செய்தி வெளிப்படின் அம்மையாரின் தொழிலும் பெயரும் ஒருங்கே அழிந்திருக்கும். மரியோ எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு செவிலித்தாயிடம் விடப்பட்டு வளர்ந்தது. தாய் அவ்வப்போது சென்று பார்ப்பார். தாம் இன்னாரென்று கூறார். தம் அன்னையார் காலமான பின்னரே, 1913ஆம் ஆண்டில், பதினைந்து வயதுச் சிறுவனாகிய மரியோவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அதன்பின்னும் நெடுங்காலம் உலகத்தார்க்கு அவரை உறவினர் என்றே கூறிவந்தார். உலகின் குழந்தைகட்கெல்லாம் தாயெனப் புகழப்பெற்றவர் தம் குழந்தையைத் தாமே வளர்க்க இயலாமற் போனதை நினைக்குந்தோறும், அவர் எழுத்துக்களிற் காணும் பரிவுக்கு ஒரு காரணம் புலப்படுவதாக எனக்குத் தோன்றுகிறது. பிறர் வேறு கருதினும் கருதுக.

1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் நாள், உரோமையின் ஏழைமக்கள் வாழும் சான் லொரென்சோ பகுதியில் முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது. அதன் தோற்றம் எளிய காரணம் பற்றியது. பாழடைந்து கிடந்த அடுக்குமாடி வீடுகளைச் சீர்செய்த கட்டிட நிறுவனத்தார், பெற்றோர் கூலிவேலைக்குச் சென்றபின் குழந்தைகள் சுவர்களைக் கெடுத்துவிடுகின்றனர் என்று அஞ்சி, அவர்களை ஓரிடத்தில் அடைத்துவைக்க விரும்பினர். அவ்வறையை மேற்பார்க்க அம்மையாரை அழைத்தனர். ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் வந்தனர். அழுக்குடையும் அச்சமும் உடையவர்கள். பெற்றோருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள்.

அம்மையார் தாம் முன்னர்ச் செய்துவைத்திருந்த கருவிகளை அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நின்று பார்த்தார். இந்த ஒதுங்கி நிற்றலே அவருடைய பெருங் கண்டுபிடிப்பு எனலாம். ஒரு கட்டையில் வரிசையாகத் துளைகளும், ஒவ்வொன்றிலும் பொருந்தும் குமிழ்வைத்த உருளைகளும் உண்டு. உருளை தவறான துளையிற் செல்லுமாயின், இறுதியில் ஒன்று இடமின்றி எஞ்சும். ஆசிரியர் வாய்திறவாமலே பிள்ளை தன் தவற்றை அறியும். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்துச் சென்டிமீட்டர் வரை பக்கமுடைய பத்துக் கனசதுரங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் கோபுரமாக்குதல் மற்றொன்று. கண்ணைக் கட்டிக்கொண்டு உருண்டை, கூம்பு, பட்டகம் முதலியவற்றைக் கையால் தடவி இன்னதென்று கூறுதல் இன்னொன்று. வெவ்வேறு சூடுள்ள நீர் நிரப்பிய புட்டிகளைத் தொட்டு வரிசைப்படுத்துதலும் உண்டு.

இவற்றுள் நம் பொருளுக்கு மிகவும் வேண்டுவது எடைப்பலகைகளாம். ஒரே நீள அகலமுடைய மெல்லிய பலகைகள்; மரம் மட்டும் வேறு. ஒரு வகை 24 கிராம், ஒன்று 18, ஒன்று 12. குழந்தை இரு கைகளிலும் ஒவ்வொரு பலகையை ஏந்தி, கண்ணை மூடி, எது கனமென்று சொல்லும். பார்வைக்குச் சிறிய வேறுபாடே. ஆனால் பெரியது கனமானது, சிறியது இலேசானது என்று நம்பியிருக்கும் பிள்ளை மனத்தில், அளவு வேறு எடை வேறு என்னும் உண்மை முதன்முதலாக உள்ளங்கை வழியே நுழைகிறது. எண்ணெய் ஏன் நீர்மேல் மிதக்கிறதென்று பல ஆண்டுகட்குப் பின்னர்க் கேட்கும்போது, விடையின் பாதி அப்பிள்ளையின் கையில் ஏற்கனவே இருக்கும். சொல் முன்னும் பொருள் பின்னுமாக நாம் கற்பிக்கிறோம். அம்மையார் பொருளை முதலிற் கொடுத்துச் சொல்லைப் பின்னர்க் கொடுத்தார். சொல்லைக் கொடுக்கும் முறையும் செகேனிடமிருந்து பெற்றதே: முதலில் ஆசிரியர் பெயரைக் கூறுவர், அடுத்து அப்பெயருடையதை எடுத்துத் தருமாறு கேட்பர், ஈற்றில் பொருளைக் காட்டி அதன் பெயரை வினவுவர். பிள்ளை தவறினால் திருத்துவதில்லை. இன்று காலம் வரவில்லையென்று கருவியை எடுத்துவைத்துவிட்டு, மற்றொரு நாள் தொடங்குவர்.

இதன்பின் அம்மையார்க்கு வந்த புகழை விரித்துரைத்தல் வேண்டா. 1909இல் அவர் முறையை விளக்கும் நூல் வெளியாயிற்று. 1912இல் ஆங்கிலத்தில் வந்தது. 1913இல் அமெரிக்கா சென்றார். 1915இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவருக்குள் ஒரு வகுப்பு நடத்தி மக்கள் கூடி நின்று காணச்செய்தார். கில்பாத்திரிக்கு என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1914இல் அவர் முறையைக் கடுமையாக ஆராய்ந்து, அதன் உளநூற் கருத்துக்கள் பழமைப்பட்டன என்று எழுதியபின் அந்நாட்டில் அவ்வார்வம் தணிந்தது. பார்சலோனா நகரைப் பல ஆண்டு தம் இருப்பிடமாகக் கொண்டார். 1924 முதல் முசோலினியின் அரசு அவர் பள்ளிகளை ஆதரித்தபோது அவ்வாதரவை ஏற்றுக்கொண்டார். இஃது அவர் வாழ்வில் ஒரு மறுவே. பிள்ளைகளைப் போர்வீரராக வளர்க்க விரும்பும் ஆட்சிக்கும், பிள்ளை தானே வளரவேண்டுமென்னும் கொள்கைக்கும் நெடுநாள் ஒத்துப்போக இயலாது. 1934இல் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. 1936இல் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போர் அவரைப் பார்சலோனாவினின்றும் துரத்தியது. அறுபத்தாறு வயதில் உடைமையெல்லாம் விட்டு ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார்.

இந்தியாவோடு அவர்க்கு முன்னரே தொடர்பு உண்டு. குஜராத்தில் பாவநகரத்தில் கிஜுபாய் பதேகா என்பார் 1920இலேயே அவர் முறையைத் தழுவிக் குழந்தைப் பள்ளியொன்று தொடங்கியிருந்தார். வட்டமேசை மாநாட்டுக்காக 1931இல் இலண்டன் சென்ற காந்தியடிகள் அங்கு அம்மையாரைச் சந்தித்ததுடன், அவருடைய பயிற்சிக் கல்லூரியிலும் உரை நிகழ்த்தினார். பின்னர்ப் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அவர்களும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியாரும் அழைக்க, 1939ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அம்மையாரும் மரியோவும் சென்னைக்கு வந்துசேர்ந்தனர். அம்மையார்க்கு அப்போது அறுபத்தொன்பது வயது. சில மாதம் தங்கித் திரும்புவதே எண்ணம்.

அடையாற்றில் ஓலைக் கொட்டகைகள் அமைத்து முதற் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேசுவார்; மரியோ அதனை அவ்வப்போதே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்; கேட்போர் தத்தம் தாய்மொழியில் உள்ளத்தே பெயர்த்துக்கொள்வர். கத்தோலிக்க சமயத்தவராகிய ஒருவர் பிரம்மஞான சபையாரின் விருந்தினராயிருப்பது அந்நாளில் கிறிஸ்தவர் சிலர்க்கு வருத்தந் தந்ததுண்டு. அவர் தம் சமயத்தைக் கைவிடவில்லை. தமக்குக் கொட்டகை போட்டுக்கொடுக்க முன்வந்தோர் யாவரோ அவரோடு குழந்தைகள் பொருட்டு உழைத்தார், அவ்வளவே. நம் மிஷன் பள்ளிகள் அவ்வழைப்பை ஏன் முதலில் அனுப்பவில்லையென்று கேட்பாரும் இருக்கலாம்.

1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. அன்றே இந்தியாவிலிருந்த இத்தாலியரெல்லாம் பகைவராயினர். மரியோவை ஆங்கில அரசினர் பிடித்து ஆமதுநகர் முகாமில் அடைத்தனர். முதிய அன்னையார் அடையாற்றில் சபையின் எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டுமென ஆணையிட்டனர். மொழி தெரியாத நாடு. ஆங்கிலமும் சரளமாக வாராது. தம் நாவாக இருந்த மகன் சிறைப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31இல் அவர்க்கு எழுபது வயது நிறைந்தது. பிறந்தநாட் பரிசாக அரசப்பிரதிநிதி மரியோவை விடுவித்தார். அச்செய்தி தாங்கிய தந்தியில் அவர் மகன் என்றே குறிக்கப்பட்டிருந்ததென்றும், ஊரறிய அவ்வுறவு கூறப்பட்டது அதுவே முதன்முறையென்றும் சொல்லுவர். நாற்பத்திரண்டாண்டு மறைத்துவைத்ததை ஓர் அரசாங்கத் தந்தி வெளிப்படுத்திய விந்தையை என்னென்பது!

1942இல் ஜப்பானியர் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை நகரமே காலியாயிற்று. அம்மையாரும் மரியோவும் கோடைக்கானலுக்குச் சென்றனர். 1944 வரை அங்கேயே தங்கினர். அங்கு ஒரு சிறு பள்ளி தானே முளைத்தது. இரண்டரை வயதுக் குழந்தை முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர் வரை ஒரே கூரையின்கீழ் இருந்தனர். இலங்கையிலிருந்து வந்த லீனா விக்கிரமரத்தின என்னும் பெண்மணி உடனிருந்து உழைத்தார். அதுவரை அம்மையாரின் உழைப்பிற் பெரும்பகுதி ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றியதே. கோடையில் பெரிய பிள்ளைகள் கேட்ட கேள்விகள் அவரை வேறு வழியிற் செலுத்தின. ஆறு வயதுக்குப்பின் பிள்ளை கையாற் பற்றுவதோடு அமையாது. ஏன், எவ்வாறு, எப்போது என்று கேட்கும். அவ்வினாக்கட்கு விடையாக உலகம் முழுவதையும் ஒரு கதையாகக் காட்டிவிட்டு, அதன்பின் பகுதி பகுதியாகச் செல்வதே தக்கதென அவர் துணிந்தார். அண்டக் கல்வியென்று அதற்குப் பெயர். நிலநூல் வல்லுநரும் குருவுமாகிய ஸ்தொப்பானி என்பாரின் கருத்துக்கள் இதில் அவர்க்கு வழிகாட்டின.

அக்கல்வியின் முதற்கதை உலகத் தோற்றத்தைப் பற்றியது. கைகளில்லாத கடவுள் என்னும் பெயரால் மாண்டிசோரிப் பள்ளிகளில் வழங்கும் அக்கதையை மரியோவே சிறப்பாகச் சொல்லிவந்தார். இறைவன் கையால் எதையும் பிசைந்து செய்யவில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நியதியை வகுத்தார், ஒவ்வொரு துகளும் அந்நியதிக்குக் கீழ்ப்படிந்தது, உலகம் உருவாயிற்று. அந்நியதிகளுள் முதன்மையானவை திட, திரவ, வாயு நிலைகளே. கதையைச் சொல்லிக்கொண்டே ஆசிரியர் நடுநடுவே சிறு சோதனைகளைச் செய்து காட்டுவர்.

ஒரு தட்டு நீரில் காகிதத் துணுக்குகளை மிதக்கவிட்டால் அவை மெல்ல நெருங்கி ஒன்றுசேரும். ஒரு கரண்டியில் மெழுகும், ஒன்றில் ஈயமும், ஒன்றில் இரும்பாணியும் இட்டு விளக்கின்மேற் பிடித்தால், மெழுகு உடனே உருகும். ஈயம் சற்றுப் பொறுத்து உருகும். ஆணி அப்படியே கிடக்கும். சூடு ஒன்றேயாயினும் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்திலேயே நெகிழும் என்பதைப் பிள்ளை கண்ணாற் காண்கிறது. ஈயம் உருகுவது 327 பாகையில், இரும்பு உருகுவது 1,538 பாகையில் என்னும் எண்கள் பின்னர் வரட்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் தேனும் நீரும் எண்ணெயும் ஊற்றினால் தேன் அடியிலும் எண்ணெய் மேலும் தங்கி, மூன்றும் தத்தம் இடத்தில் அமைதியுறும். கல் தன் வடிவை விடாது. அதனைத் தாங்கக் கீழே ஓரிடம் போதும். நீர்க்கோ கீழேயும் வேண்டும், பக்கங்களிலும் வேண்டும். காற்றுக்கு எல்லாப்புறமும் சுவர் வேண்டும். ஒரு புறம் திறந்தாலும் அது நிலைபெறாது. இவ்வளவும் ஒரு பிற்பகலிற் செய்து காட்டத்தக்கன. எரிமலையைக் காட்டுவதற்கு அம்மோனியம் டைகுரோமேட்டு என்னும் உப்பை எரித்துக் காட்டுவதும் ஒருகாலத்தில் வழக்கமாயிருந்தது. அது புற்றுநோய் விளைக்கும் நச்சுப்பொருளென இன்று அறியப்பட்டமையின், நம் ஆசிரியர்கள் அதனை நாடாது, சமையற் சோடாவும் காடியும் கொண்டு நுரைபொங்கச் செய்தல் நலம். ஈயத்தின் ஆவியும் தீயது, பலகணி திறந்திருக்கட்டும்.

கோடைக்கானலே இதற்கொரு சோதனைச்சாலையெனலாம். கடல்மட்டத்தினின்றும் ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட அம்மலையில் காற்றழுத்தம் குறைவாதலின், நீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிக்கும். சோறு வேகக் காலம் நீளும். சென்னையில் புட்டியில் நீராய் நிற்கும் தேங்காயெண்ணெய், மலையேறிய மறுநாட் காலையில் வெண்கட்டியாய் உறைந்து கிடக்கும். நம் வீட்டு மாடத்துக் கற்பூரமோ நீராகாமலே ஆவியாகித் தேய்ந்துபோகும். இவற்றை அம்மையார் பாடமாக்கினாரென்று நான் கூறவில்லை. நம் தமிழ் வீடுகளில் இத்தகைய பாடங்கள் குவிந்து கிடக்கின்றன என்பதே என் கருத்து.

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகையையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து, 500 மில்லியன் கன அடி கொள்ளும் ஒரே நீர்த்தேக்கமாக 2020ஆம் ஆண்டில் திறந்துவைத்தனர். இரண்டு ஏரியாய் இருந்த நீர் கரையை மாற்றியவுடன் ஒன்றாயிற்று. எந்நீர் எவ்வேரியினது என்று இனிப் பிரிக்க இயலாது. இரண்டு கருங்கற் குன்றுகளை அங்ஙனம் ஒன்றாக்க இயலுமோ? அருகிலுள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் லாரிச் சக்கரங்கட்கு டயர் செய்யும் மிஷலின் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. மரத்தினின்று பாலாய் வடிவது இரப்பர்; அது திடமாகி டயராகிறது; அதனுள்ளே அடைபட்டுப் பாரத்தைச் சுமப்பதோ காற்று. மூவகைப் பொருளும் ஒரு சக்கரத்தில் அடங்கிவிட்டன. சாலையோரப் பஞ்சர் கடையில் நீர்த்தொட்டியில் டியூபை அமிழ்த்தி, குமிழி எழும் இடத்திற் கைவைக்கும் தொழிலாளி, காற்றும் ஒரு பொருளே, அதற்கும் இடம் வேண்டும் என்பதைக் காண்போர்க்குக் காட்டுகிறார். அவ்வூர்ப் பிள்ளைகள் அதனை நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும் வகுப்பறையில் அவர்களிடம் நாம் கேட்பது, திடப்பொருள் என்பது யாது என்னும் வினாவுக்கு மனப்பாடமாக எழுதவேண்டிய ஒரு வரியையே.

அந்த வரி பிள்ளையைக் காப்பாற்றுவதும் இல்லை. குவளையின் வடிவைக் கொள்வது திரவம் என்று கற்ற பிள்ளையிடம் கோலமாவைக் கொடுத்துப் பாருங்கள். அது ஊற்றப்படுகிறது, குவளையின் வடிவைக் கொள்கிறது; ஆகவே திரவம் என்று சொல்லும். மணல், ரவை, சர்க்கரை முதலியவற்றிலும் இம்மயக்கமே உண்டு. பஞ்சையும் துணியையும் திடமென்று ஒப்பப் பல பிள்ளைகள் தயங்குகின்றனர்; திடம் என்றாற் கெட்டியாயிருக்க வேண்டுமென்பது அவர்தம் நியாயம். இந்நியாயம் மூடத்தனமன்று, நாம் கொடுத்த சொல்லிலிருந்து அவர்கள் நேர்மையாகப் பெற்ற முடிவு. பூதக்கண்ணாடியைக் கொடுத்து, மாவின் ஒவ்வொரு துகளும் தன் வடிவை விடாதிருத்தலைக் காணச்செய்து, நீரைத் தரையில் ஊற்றினாற் பரவுவதும் மாவை ஊற்றினாற் குவிவதும் ஏனென்று கேட்டுவிட்டு, அம்மையார்போல் ஒதுங்கி நிற்பதே செய்யத்தக்கது. துகள்கள் கீழ்ப்படிந்தன, ஒன்றையொன்று நேசித்தன என்று கதை சொல்வதைச் சில விஞ்ஞான ஆசிரியர்கள் ஒப்புவதில்லை. உயிரில்லாததற்கு உள்ளம் ஏற்றிக் கூறினால் பின்னர் அதனைக் களைதல் அரிதென்பர். அவர் அச்சத்தில் உண்மை உண்டு. எனினும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கதையும் சோதனையும் ஒருங்கே கிடைக்குமாயின், கதை உதிர்ந்து சோதனை நிலைக்கும் என்றே எண்ணுகிறேன்.

நீரைப்பற்றி அம்மையார் தனியே விரிவாக எழுதியுள்ளார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவை ஏற்றுச் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துச் செல்கிறது; ஆறுகள் அதனைக் கடலிற் சேர்க்கின்றன; அங்கே பவளப்பூச்சியும் சிப்பியும் அதனை நீரினின்று பிரித்தெடுத்து மீண்டும் கல்லாக்குகின்றன. வாயு திரவத்திற் புகுந்து, திரவம் திடத்தைக் கரைத்து, உயிர் அதனைத் திரும்பத் திடமாக்கும் இச்சுழற்சியைப் பிள்ளைகள் வியந்து கேட்பர் என்பது அவர் துணிபு. பழவேற்காட்டு ஏரிச் சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய நம் பக்கத்தார்க்கு இஃது அயலான செய்தியன்று.

போர் முடிந்தபின் 1946இல் அம்மையார் ஐரோப்பா சென்றார். ஆயினும் அடுத்த ஆண்டே மீண்டும் இங்கு வந்தார். அவர் இந்தியாவில் இருந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் பயிற்சி பெற்றனர். கோடைக்கானற் சிந்தனைகள் அடங்கிய நூலொன்று 1948இலும், குழந்தை மனம் சூழலை ஈர்த்துக்கொள்ளும் தன்மையைப் பற்றிய சொற்பொழிவுகள் 1949இலும், இரண்டும் அடையாற்றிலேயே நூலாக வெளிவந்தன. உலகெங்கும் படிக்கப்பெறும் அந்நூல்கள் நம் சென்னையில் அச்சேறியவை என்பதைப் படிப்போர் பலர் அறியார்.

அவர் முறை நம்மிடையே அடைந்த நிலை மனநிறைவு தருவதாயில்லை. கூலிமக்களின் பிள்ளைகட்காகச் சான் லொரென்சோவில் தோன்றியது, நம் நகரங்களில் பெருங் கட்டணம் செலுத்தவல்லார் பிள்ளைகட்கே பெரும்பாலும் உரியதாய்விட்டது. அம்மையார் பெயரைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு, உள்ளே பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எழுத்துப் பயிற்சி எழுதச்செய்யும் பள்ளிகளையும் கண்டிருக்கிறேன். மறுபுறம், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007ஐ ஒட்டித் தமிழ்நாடு முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலியின் அட்டைகளோடு மாண்டிசோரி முறையின் கூறுகளையும் கலந்துகொண்டது. பாய்விரித்துத் தரையில் அமர்ந்து, தாமே அட்டையை எடுத்துப் பயின்ற பிள்ளைகள் ஏழைகளின் பிள்ளைகளே. அதன்பின் 2022இல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. மேற்கூறிய சோதனைகட்கு வேண்டுவனவோ ஒரு தட்டு, மூன்று கரண்டி, ஒரு மெழுகுவத்தி, சிறிது தேன், எண்ணெய், ஒரு பலூன். எந்த ஊராட்சிப் பள்ளியும் இவற்றுக்கு மானியம் கேட்டு எழுதவேண்டியதில்லை.

1949, 1950, 1951ஆம் ஆண்டுகளில் அம்மையாரின் பெயர் நோபெல் சமாதானப் பரிசுக்கு முன்மொழியப்பெற்றது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஹாலந்து நாட்டின் கடற்கரையூராகிய நூர்துவைக்கில், ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்கட்குப் பயிற்சியளிப்பதைப் பற்றி மரியோவுடன் பேசிக்கொண்டிருந்த நாளில், எண்பத்தொன்றாம் வயதில் உயிர்நீத்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். மரியோ தாயின் பணியை மேலும் முப்பதாண்டு நடத்தி 1982இல் காலமானார்.